அந்த லாரியில் அவர் எப்படி ஏறினார்?

கேள்வி இதுதான்: "1917 படத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்களோடு ஒரே லாரியில் ஒரு சீக்கியரும் உட்கார்ந்து வருகிறார். இது வரலாறா, இல்லை இந்தக் காலத்துப் பார்வையாளர்களுக்காக வலிந்து திணித்ததா? டன்கிர்க் படத்தில் ஓர் இந்தியர்கூட இல்லை என்று குறை சொல்கிறார்கள், இதில் இருந்தால் இதற்கும் குறை சொல்கிறார்கள். சாதாரணச் சிப்பாய்களைப் பற்றி எடுக்கும் படம் என்னதான் செய்ய வேண்டும்?"

முதலில் சுருக்கமான பதில். அந்த மாதம் அந்த வட்டாரத்தில் இந்தியப் படையினர் இருந்தார்கள், அவர்களில் சீக்கியர்களும் உண்டு. ஆனால் அந்த லாரியில் அப்படி ஒருவர் உட்கார்ந்து போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் விஷயமே இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதல் உலகப்போரில் ஒரு செய்தியைச் சுமந்து போகும் இரண்டு இளம் பிரிட்டிஷ் சிப்பாய்களின் கதையான இந்தப் படம் 2019 கடைசியில் வந்தது. 2020 ஜனவரியில் பிரிட்டிஷ் நடிகர் லாரன்ஸ் ஃபாக்ஸ் ஒரு பேட்டியில், அந்தச் சீக்கியப் பாத்திரம் ஒட்டாமல் நிற்கிறது, பன்முகத்தன்மையை மக்கள் தலையில் கட்டுகிறார்கள் என்கிற பொருளில் பேசினார். உடனே எதிர்ப்பு கிளம்பியது. முதல் உலகப்போரில் எத்தனை சீக்கியர்கள் சண்டை போட்டார்கள், எத்தனை பேர் செத்தார்கள் என்று ஆளாளுக்கு எடுத்துப் போட்டார்கள். அவரும் பிறகு மன்னிப்புக் கேட்டார். ஆனால் அந்தச் சண்டை பெரும்பாலும் "இருந்தார்களா, இல்லையா" என்பதோடு நின்றுவிட்டது. எப்படி இருந்தார்கள் என்ற கேள்விக்கு அது போகவே இல்லை.

இருந்தார்களா என்பதில் சந்தேகமே வேண்டாம். லாகூர், மீரட் என்ற இரண்டு காலாட்படை டிவிஷன்கள் 1914 செப்டம்பர் கடைசியிலிருந்து மார்சேய் துறைமுகத்தில் வந்து இறங்கத் தொடங்கின. அக்டோபர் முடிவதற்குள் பெல்ஜிய எல்லையில் சண்டையில் நிறுத்தப்பட்டார்கள். அக்டோபர் 31 அன்று ஹொல்லபெக்கில் சண்டையிட்ட குதாதாத் கானுக்குத்தான் இந்தியச் சிப்பாய் ஒருவருக்கான முதல் விக்டோரியா கிராஸ், அதாவது பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருது, கிடைத்தது. 1915 மார்ச்சில் பிரான்ஸின் நவ் ஷப்பெல் தாக்குதலில் இறங்கியவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் இந்தியப் படையினர். அங்கே 1927-இல் திறக்கப்பட்ட நினைவுச்சின்னத்தில் 4,700-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. மொத்தப் போரிலும் இந்தியர் தரப்பில் இறந்தவர்கள் சுமார் 74,000 பேர்.

எப்படி இருந்தார்கள் என்பதுதான் அடுத்தது. ஓர் இந்திய பிரிகேடில் வழக்கமாக ஒரு பிரிட்டிஷ் பட்டாலியனும் மூன்று இந்திய பட்டாலியன்களும் இருக்கும். பக்கத்துப் பக்கத்துப் பதுங்குகுழியில் நிற்பார்கள், சேர்ந்தே தாக்கப் போவார்கள். ஆனால் பிளட்டூன் என்ற சிறு அணிக்குள் கலந்து இருக்க மாட்டார்கள். சமையல் தனி. முஸ்லிம்களுக்கு ஒரு விதமாகவும் சீக்கியர்களுக்கு வேறு விதமாகவும் ஆடு வெட்டுவதற்குக்கூடத் தனித்தனி ஏற்பாடு இருந்தது. சம்பளமும் தனி: இந்தியச் சிப்பாய்க்கு மாதம் 11 ரூபாய். பிரிட்டிஷ் சிப்பாய்க்கு ஒரு நாளைக்கு ஒரு ஷில்லிங், அன்றைய மாற்று விலையில் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பதவி விஷயம் இன்னும் மோசம். முப்பது வருஷம் படையில் ஊறிய சுபேதார் மேஜர்கூட (ரெஜிமென்டில் மூத்த இந்திய அதிகாரி), நேற்று வந்து சேர்ந்த இருபது வயது பிரிட்டிஷ் செகண்ட் லெப்டினன்டுக்குக் கீழேதான்.

இதெல்லாம் இருக்க, 1917-இன் லாரிக் காட்சியில் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே மாதிரி அலுத்துக்கொண்டு, வண்டி சேற்றில் மாட்டினால் சேர்ந்து இறங்கித் தள்ளுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சீக்கியரைத் தனியாக வைத்திருந்த அமைப்பு காட்சியிலிருந்து மாயமாகிவிடுகிறது. என் குறை அவரைச் சேர்த்ததில் இல்லை. அவரைச் சேர்த்துவிட்டு அவருடைய நிலைமையை வெளியே விட்டுவிட்டார்கள்.

இன்னும் கொஞ்சம் நுணுக்கமாகப் பார்த்தால் விஷயம் சுவாரசியமாகிறது. கதை நடப்பது 1917 ஏப்ரல் 6. இந்தியக் காலாட்படை டிவிஷன்கள் இரண்டும் 1915 முடிவிலேயே பிரான்ஸை விட்டு மெசபடோமியாவுக்கு (இன்றைய ஈராக்) போய்விட்டன. பிரான்ஸில் மிச்சம் இருந்தது குதிரைப்படை, அது 1918 தொடக்கம் வரை அங்கேயே இருந்தது. ஜெர்மானியர்கள் ஹிண்டன்பர்க் கோடு என்ற தங்கள் புதிய அரண் வரிசைக்குப் பின்வாங்கியபோது, அதுதான் படத்தின் பின்னணி, 1917 மார்ச்சில் அவர்களைத் துரத்திப் போன படைகளில் இந்தியக் குதிரைப்படை ரெஜிமென்ட்கள் இருந்த டிவிஷனும் ஒன்று. ஆக, இந்தியர்கள் சரியாக அந்த நிலப்பரப்பில்தான் இருந்தார்கள், குதிரையோடு. படத்தின் பெயர்ப் பட்டியலோ அவரை 'சிப்பாய்' என்கிறது, அதாவது காலாட்படைக்காரர். கொடுத்திருக்கும் பெயர் ஜோண்டலார். எந்தப் பஞ்சாபி வீட்டிலும் பிள்ளைக்கு அப்படிப் பெயர் வைக்க மாட்டார்கள்.

சாலையோரத்தில் ஓர் இந்தியக் குதிரைப்படை முகாமை இரண்டு பையன்களும் கடந்து போவதாக வைத்திருந்தால் என்ன? வரிசையாகக் கட்டிய குதிரைகள், அடுப்பில் ரொட்டி, புரியாத பேச்சு. இருபது விநாடி போதும். லாரிக் காட்சியைவிட அது உண்மை, கண்ணுக்கும் விருந்து. யாரும் திணிப்பு என்று வாய் திறந்திருக்க முடியாது.

விதிவிலக்குகள் இல்லையா என்று கேட்டால், உண்டு. பக்கம் சிங் என்ற சீக்கியர் கனடா படையில் சேர்ந்து, 20-வது பட்டாலியனில் வெள்ளைக்காரர்களோடு சேர்ந்தே சண்டை போட்டு 1916-இல் காயம் பட்டார். ஆக்ஸ்ஃபோர்டில் படித்த ஹர்தித் சிங் மாலிக் 1917-இல் பிரிட்டிஷ் விமானப் படையில் விமானி ஆனார். அதே படத்தில் டெவன் ரெஜிமென்ட் ஆட்களுக்கு நடுவே சில கறுப்பின முகங்கள் தெரிகின்றன அல்லவா? சீக்கியர் அளவுக்கு அவர்களைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை. உண்மையில் அது லாரிக் காட்சியைவிட நம்பும்படியானது. பிரிட்டனில் பிறந்து வளர்ந்த கறுப்பினத்தவர்கள் சாதாரண பிரிட்டிஷ் ரெஜிமென்ட்களில் அங்கொருவர் இங்கொருவராகச் சேர்ந்திருந்தார்கள். டாட்டன்ஹாம் அணிக்குக் கால்பந்து ஆடிய வால்டர் டல் மிடில்செக்ஸ் ரெஜிமென்டில் சேர்ந்து, விதிகள் இடம் கொடுக்காதபோதும் அதிகாரியாகி, 1918 மார்ச்சில் பிரான்ஸில் செத்தார். கரீபியன் தீவுகளிலிருந்து மொத்தமாகத் திரட்டி வந்த பிரிட்டிஷ் வெஸ்ட் இண்டீஸ் ரெஜிமென்ட் கதை வேறு. பிரான்ஸில் அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் குண்டு சுமக்கும் வேலை.

கரீபியன் என்றதும் இன்னொன்று. இயக்குநர் சாம் மெண்டிஸ் இந்தப் படத்தைத் தன் தாத்தா ஆல்ஃபிரட் மெண்டிஸுக்கு அர்ப்பணித்திருக்கிறார், அவர் சொன்ன கதைகள்தான் படத்துக்கு விதை. அந்தத் தாத்தா டிரினிடாட்டில் பிறந்தவர், போர்த்துகீசிய வம்சாவளி. படத்தின் நாயகர்கள் இருவரும் அச்சு அசல் ஆங்கிலேயப் பையன்கள். பேரரசு முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள் என்பதற்கு இயக்குநரின் குடும்பத்திலேயே சாட்சி இருக்கிறது, படமோ அதை லாரியில் ஒரு தலைப்பாகையோடு முடித்துக்கொள்கிறது.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். படத்தின் கதை என்ன? குண்டு மழைக்கு நடுவே ஒரு செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதே 1917-ஆம் வருஷம், டிசம்பர் 1 அன்று, கோபிந்த் சிங் என்ற லான்ஸ் தஃபேதார் (குதிரைப்படையில் ஒரு கீழ்நிலைப் பதவி) இதைத்தான் செய்தார். ராஜஸ்தான் பக்கத்து ரத்தோர் ராஜபுத்திரர். வட பிரான்ஸில் நடந்த கம்ப்ரே சண்டையின்போது அவருடைய ரெஜிமென்ட் முன்னே போய்ச் சிக்கிக்கொண்டது. பிரிகேட் தலைமையகத்துக்கு ஒன்றரை மைல், நடுவில் மறைவே இல்லாத வெட்டவெளி, எதிரியின் நேர் பார்வையில். மூன்று தடவை தானாக முன்வந்து செய்தி கொண்டுபோனார். மூன்று தடவையும் குதிரை சுடப்பட்டுச் செத்தது. ஒவ்வொரு தடவையும் மிச்ச தூரத்தை ஓடியே கடந்து செய்தியைச் சேர்த்தார். விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். 1917-இல் பிரான்ஸில் செய்தி சுமந்து ஓடியவனைப் பற்றி ஒரு படம் எடுக்க நினைப்பவருக்கு இந்த மனிதர் கையெட்டும் தூரத்தில் இருந்தார். இந்தியரை நாயகனாக வைக்காதது குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை, தாத்தா கதையைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. ஆனால் 'அந்த இடத்தில் இந்தியர் எங்கே வந்தார்' என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

பன்முகத்தன்மை என்று வரும்போது ஏன் எப்போதும் சீக்கியர்? தலைப்பாகை கேமராவுக்கு உடனே புரிகிறது, வேறு காரணம் கிடையாது. அன்றைய இந்தியப் படையில் ஐந்தில் ஒருவர் சீக்கியர் என்பது உண்மைதான், மக்கள்தொகையில் அவர்கள் ஒரு சதவீதம் அளவே இருந்தும். ஆனால் தனியொரு பிரிவாக எடுத்தால் அதிகம் இருந்தவர்கள் பஞ்சாபி முஸ்லிம்கள். அப்புறம் பட்டாணியர், டோக்ரா, கூர்க்கா, கர்வாலி, ஜாட். 1917 நடுவிலிருந்து தொழிலாளர் படைக்காக நாகர், மிசோ, சந்தால், காசி மக்கள்கூடப் பிரான்ஸுக்குப் போனார்கள். தண்ணீர் சுமந்தவர், சமைத்தவர், கழிவு அள்ளியவர், கழுதை ஓட்டியவர் என்று ஆயுதம் ஏந்தாதவர்களை மட்டும் எண்ணினாலே இந்தியாவில் திரட்டப்பட்டவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். சாதாரண ஆட்களைப் பற்றிய படம் என்றால் இவர்களைவிடச் சாதாரணமானவர்கள் யார்? ஒரு படத்திலும் இவர்களுக்கு இருக்கையே கிடையாது.

கதைகளுக்கும் பஞ்சமில்லை. அஃப்ரிதி பட்டாணியர்களான அண்ணன் தம்பி இருவர். மீர் மஸ்த் 1915 மார்ச்சில் சில ஆட்களோடு இரவில் ஜெர்மானியர் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டார். அடுத்த மாதமே பெல்ஜியத்தின் ஈப்ரில் விஷவாயுவுக்கு நடுவே அதிகாரிகளைத் தூக்கி வந்து காப்பாற்றியதற்காக அவர் சகோதரர் மீர் தஸ்துக்கு விக்டோரியா கிராஸ். கடிதங்களும் இருக்கின்றன. இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைத் தணிக்கை செய்து ஆங்கிலத்தில் பெயர்த்து வைத்ததால்தான் அவை இன்றைக்கும் படிக்கக் கிடைக்கின்றன. தணிக்கைக்காரர் கண்ணில் மண்ணைத் தூவ, இந்தியரை மிளகு என்றும் வெள்ளையரைச் சிவப்பு மிளகாய் என்றும் எழுதினார்கள்: மிளகு தீர்ந்துவிட்டது, இப்போது மிளகாய் செலவாகிறது என்று. பயம், நையாண்டி, ஊருக்கு விடுத்த எச்சரிக்கை, மூன்றும் ஒரே வரியில் இருக்கிறது. லாரிக் காட்சியில் அந்தச் சீக்கியர் வாயில் இப்படி ஒரு வரியை வைத்திருக்கலாம்.

நம் பக்கத்து ஆட்கள் எங்கே என்று யாராவது கேட்பீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். 1857-க்குப் பிறகு 'போர்க்குடிகள்' என்றொரு கோட்பாட்டை, அதாவது சில இனத்தார்தான் சண்டைக்குப் பிறந்தவர்கள் என்பதை, பிரிட்டிஷார் பிடித்துக்கொண்டார்கள். சென்னைப் படைக்கே தளபதியாக இருந்த ராபர்ட்ஸ்தான் தென்னிந்தியர் சண்டைக்கு லாயக்கில்லை என்பதை அழுத்திச் சொன்னவர். ஒவ்வொரு ரெஜிமென்டாகக் குறைத்து வடக்கே ஆள் எடுத்தார்கள். 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் 63-வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி கலைந்து ஓடியது, பார்த்தீர்களா என்றார்கள். வாரக்கணக்கில் கப்பலில் கிடந்து வாடியவர்களை, எதிரி எங்கே என்று வேவுகூடப் பார்க்காமல் இறக்கிவிட்டதைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. (அந்தச் சண்டையில் தேனீக்கள் வேறு கலைந்து வந்து கொட்டின.) அதே போரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் மெசபடோமியாவில் பெயர் எடுத்தார்கள், ஆனால் பொறியியல் படை எந்தப் படத்திலும் நாயகன் ஆவதில்லை. ஆக, யாருடைய முகம் 'சிப்பாய் முகம்' என்பதை முதலில் முடிவு செய்தது ஆளெடுப்பு அலுவலகம். சினிமா அந்தப் பட்டியலிலிருந்து முகத்தை எடுத்துக்கொள்கிறது.

சரி, டன்கிர்க். 1940-இல் ஜெர்மானியரிடம் சிக்கிய பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகளைக் கடல் வழியாக மீட்ட பிரெஞ்சுக் கடற்கரை அது. கிறிஸ்டோஃபர் நோலனின் படம் 2017-இல் வந்தபோது இந்தியாவிலும் பிரிட்டனிலும் இந்தியரைக் காணோம் என்று எழுதினார்கள். 1939 டிசம்பரில் நான்கு கோவேறு கழுதைக் கம்பெனிகள் பிரான்ஸுக்கு அனுப்பப்பட்டது நிஜம். பெரும்பாலும் பஞ்சாபி முஸ்லிம்கள். லாரி போக முடியாத சேற்றில் சாமான் கொண்டுபோவது அவர்கள் வேலை. ஒரு கம்பெனி ஜெர்மானியரிடம் சிறைப்பட்டது. டன்கிர்க் வழியாகத் தப்பியவர்கள் சில நூறு பேர், கழுதைகளை விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். மொத்தம் மீட்கப்பட்டவர்களோ 3,38,000 பேர். இந்தக் கணக்குப்படி பார்த்தால் கடற்கரைக் கூட்டத்தில் ஓர் இந்திய முகம் கண்ணில் படாதது பொய் ஆகாது. இந்தக் குற்றச்சாட்டில் நான் முழுமனதோடு சேர மாட்டேன். எனக்கு உறுத்துவது பிரெஞ்சுப் படை. மீட்கப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கு அவர்கள். வெளியே வளையத்தைப் பிடித்து நின்று மற்றவர்களுக்கு நேரம் வாங்கிக்கொடுத்ததிலும் அவர்கள் பங்கு பெரிது, பிரெஞ்சுப் படையில் வட ஆப்பிரிக்கர்கள் கணிசம். படத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஓரமாக வந்து போகிறார்கள். அங்கே எண்ணிக்கையைச் சாக்காகச் சொல்ல முடியாது.

முகத்தைச் சேர்ப்பதால் மட்டும் நேர்மை வந்துவிடாது என்பதற்குப் பழைய உதாரணம் ஹாலிவுட்டிலேயே இருக்கிறது. 1943-இல் வந்த பட்டான் என்ற படத்தில் பிலிப்பைன்ஸில் கடைசிவரை நின்று சண்டை போடும் சின்னக் குழுவில் ஒரு கறுப்பினச் சிப்பாயும் இருப்பார், மற்றவர்களுக்குச் சமமாக. நிஜத்தில் அமெரிக்கப் படை அப்போது கறுப்பினத்தவரைத் தனி அணிகளில்தான் வைத்திருந்தது. பிரிவினையை நிறுத்தச் சொல்லி ட்ரூமன் உத்தரவு போட்டது 1948-இல். அந்தப் படம் சொன்னது பொய், ஆனால் முன்னோக்கிய பொய், கறுப்பினப் பார்வையாளர்களுக்கு அது பெரிதாகவே பட்டிருக்கும். அதே நேரத்தில், நம் படையில் எல்லோரும் சமம் என்று அரசுக்கு ஓர் இலவச விளம்பரமாகவும் அது ஆனது. 1917-இன் லாரிக் காட்சியும் இந்த வகைதான். எண்பது வருஷம் கழித்தும் அதே பழைய உத்தி என்பதுதான் ஆச்சரியம்.

சில நேரம் கேமரா வருவதற்கு முன்பே ஆட்களை மாற்றிவிடுவார்கள். 1944-இல் பாரிஸை விடுவிக்கப் போகும் பிரெஞ்சு டிவிஷன் வெள்ளையர்களாக மட்டும் இருக்க வேண்டும் என்று நேசநாட்டுத் தலைமை விரும்பியது, அந்த ஆவணங்கள் பின்னால் வெளியே வந்தன. பிரெஞ்சுப் படைகளில் ஆப்பிரிக்கர்கள் அவ்வளவு நிறைந்திருந்ததால் அப்படியொரு டிவிஷனைத் தேடிப் பிடிப்பதே பாடாகிப்போனது. பிரெஞ்சு ஜெனரல் லெக்லெர்க்கின் டிவிஷனிலிருந்து ஆப்பிரிக்கர்களை விலக்கி, வேறு ஆட்களை இட்டு நிரப்பினார்கள். ஆகஸ்ட் 24 இரவு முதலில் நகருக்குள் நுழைந்த வண்டிகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் நாடு இழந்த ஸ்பானிய அகதிகள் என்பது இதில் ஒரு வேடிக்கை. அந்த நாள் செய்திப்படங்களைப் பார்த்து "வரலாறு இப்படித்தான் இருந்தது, பாருங்கள், எல்லோரும் வெள்ளையர்" என்று இன்றைக்கு ஒருவர் சொன்னால், அவர் அந்தத் தலைமையின் ஏற்பாட்டைத்தான் ஆதாரமாகக் காட்டுகிறார்.

இதையெல்லாம் சரியாகச் செய்த படம் இருக்கிறதா என்றால், என் தேர்வு 2006-இல் வந்த 'ஆந்திஜேன்'. ரஷீத் பூஷாரெப் இயக்கியது, பிரான்ஸுக்காக இத்தாலியிலிருந்து அல்சாஸ் வரை சண்டை போட்ட அல்ஜீரிய, மொராக்கோ சிப்பாய்களின் கதை. அதில் கப்பலில் சாப்பாட்டு வரிசையில் ஒரு காட்சி: வெள்ளைச் சிப்பாய்களுக்குத் தக்காளி உண்டு, ஆப்பிரிக்கச் சிப்பாய்களுக்குக் கிடையாது. அந்தத் தக்காளிக்காக ஒரு தகராறு. பிரிட்டிஷ் படங்கள் விட்டுவிட்ட அத்தனையும், அதாவது தனிச் சமையல், தனிச் சம்பளம், கிடைக்காத பதவி உயர்வு, இதில் கதையாகவே நடக்கிறது. இவர்கள் 'பன்முகத்தன்மைக்காக' வந்து உட்கார்ந்த ஆட்கள் இல்லை. கோபம், பேராசை, காதல், கோழைத்தனம் எல்லாம் உள்ளவர்கள். கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருதை அந்த நடிகர்கள் எல்லோருக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். குறை இல்லாத படம் என்று சொல்ல மாட்டேன், கடைசிச் சண்டை ஹாலிவுட் வாசனை அடிக்கிறது.

"ஒரு படத்தில் யார் இருந்தால் என்ன, ஆகப்போவது என்ன" என்பவர்களுக்கு இந்தப் படத்தின் பின்கதை போதும். பிரான்ஸ் தன் முன்னாள் காலனி வீரர்களின் பென்ஷனை 1959-இல் சட்டம் போட்டு அப்படியே உறையவைத்திருந்தது. பிரெஞ்சுக்காரருக்கு விலைவாசியோடு ஏறியது, மொராக்கோ கிழவருக்கு நின்ற இடத்தில் நின்றது. படத்தைப் பார்த்த ஜனாதிபதி சிராக், அது திரைக்கு வந்த அந்த செப்டம்பரிலேயே, போர்வீரர் பென்ஷனைச் சமமாக்கும் அறிவிப்பு வரச் செய்தார். 2007-இலிருந்து சுமார் 80,000 பேருக்கு ஏற்றிய தொகை என்று ஏற்பாடு. நாற்பத்தெட்டு வருஷத்து நிலுவையை மட்டும் அந்த அறிவிப்பு தொடவில்லை.